பாங்காக்கில் இட்ட கையெழுத்தும் வெள்ளறடை ரப்பர் மரமும்

நெய்யாற்றின்கரை வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சமவெளி முடிந்து மலை எழத் தொடங்கும் இடத்தில், வெள்ளறடை என்னும் ஊர் அமைந்துள்ளது. பாறசாலையிலிருந்து பேருந்தேறினால் ஒரு மணி நேரத்திற்குள் சென்று சேரலாம். ஊரைச் சுற்றிலும் ரப்பர் மரங்கள். இடையிடையே தென்னை, மரச்சீனி, மரத்தில் ஏறிப் படர்ந்த நல்லமிளகுக் கொடி. பனச்சமூட்டுச் சந்தைக்கு மக்கள் நடந்தே போவார்கள். சந்தையில் ஒரு கடை கேரளத்தில் இருக்கும். அடுத்த கடை தமிழ்நாட்டில் இருக்கும். விலை கேட்பது தமிழாகவும் விலை சொல்வது மலையாளமாகவும் இருந்தால் அங்கு யாரும் வியப்பதில்லை. நாம் பிறந்து வளர்ந்த ஊர் இது. இப்பொழுது தலைநகரில் மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கிறோம். நேயர்களில் பலரும் நம்மைப் போலவே ஊரை விட்டு வெளி மாநிலங்களில் வாழ்பவர்கள். ஊரிலிருந்து வரும் செய்திகளில் விலைவாசியே முதற்செய்தியாக இருப்பதை அறிந்தவர்கள். ஆகையால் தடையிலா வாணிக ஒப்பந்தம் என்னும் பெரிய பொருளை இந்தச் சிற்றூரின் திண்ணையிலிருந்தே பார்க்க முற்படுகிறோம்.

எல்லை என்ற சொல்லைக் கேட்டதும் வெள்ளறடைக்காரருக்கு நினைவு வருவது 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள். அன்றுதான் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரே குடும்பத்தின் இரண்டு வயல்கள் இரண்டு மாநிலத்திற்குரியவை ஆயின. ஆயினும் அந்த எல்லை பொருள்களை நிறுத்தவில்லை. இந்திய நாட்டிற்குள் வாணிகம் தடையின்றி நடைபெற வேண்டும் என்று அரசியலமைப்பின் 301ஆம் பிரிவு கூறுகிறது. விற்பனை வரிக்காக அமரவிளையில் சோதனைச் சாவடி இருந்தது உண்மையே. அங்கே சரக்கு வண்டிகள் வரிசையாக நின்றதை நாம் பள்ளிப் பருவத்தில் கண்டதுண்டு. 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் சரக்கு சேவை வரி வந்தபின் அந்தத் தடையும் நீங்கிற்று.

அவ்வாறிருக்க, வெள்ளறடைச் சந்தையில் ஒரு கிலோ ரப்பர் ஷீட்டின் விலையைத் தீர்மானிக்கும் எல்லை எது? அது பனச்சமூட்டிலும் இல்லை, களியக்காவிளையிலும் இல்லை. சென்னைத் துறைமுகத்தின் சுங்கச் சாவடியில் இருக்கிறது. அந்தச் சாவடியில் எவ்வளவு தீர்வை வாங்கலாம் என்பதோ பாங்காக்கிலும் ஜெனீவாவிலும் பேசி முடிக்கப்படுகிறது.

இது முற்றிலும் புதியதன்று. திருவிதாங்கூரில் டி. மாதவராவ் திவானாக இருந்த காலத்தில், 1865ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் இந்திய அரசாங்கமும் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. தம்முள் நிலவழியாகச் செல்லும் பண்டங்களுக்குத் தீர்வை இல்லை. கடல்வழி வரும் பண்டங்களுக்குச் சமஸ்தானத் துறைமுகங்களிலும் பிரிட்டிஷ் இந்தியாவின் விகிதமே வாங்கப்படும் என்பது அதன் சாரம். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான் மிளகின் மீது சர்க்காருக்கிருந்த தனியுரிமை நீக்கப்பட்டு, அதற்குப் பதிலாக ஏற்றுமதித் தீர்வை விதிக்கப்பட்டிருந்தது. வாணிகம் பெருகிற்று; வணிகர் மகிழ்ந்தனர். ஆனால் தன் துறைமுகத்தில் தான் விரும்பிய தீர்வையை வைக்கும் உரிமை சமஸ்தானத்தின் கையைவிட்டுப் போயிற்று. நூற்றறுபது ஆண்டுகட்கு முந்திய இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் இன்றைய ஒப்பந்தங்கள் எளிதில் விளங்கும்.

சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். அது நம் தொழிலின் பழக்கம். தடையிலா வாணிகம் என்பதை ஒரு கைப்படியில் ‘இலவச வாணிபம்’ என்று எவரோ எழுதியிருக்கக் கண்டு நாம் சிரித்ததுண்டு. பின்னர், பாமாயில் விற்கும் விலையைப் பார்த்தபோது, எழுதியவர் அவ்வளவு தவறாக எழுதிவிடவில்லையோ என்றும் தோன்றிற்று.

ஒரு நாடு தன் எல்லைக்குள் வரும் அயல்நாட்டுப் பண்டத்தின் மீது சுங்கத் தீர்வை வாங்குகிறது. அதனால் இரண்டு பயன். கருவூலத்திற்கு வருவாய் கிடைக்கிறது. உள்நாட்டில் அதே பண்டத்தை விளைவிப்பவனுக்கு நிழல் கிடைக்கிறது. உலக வாணிக அமைப்பில் உறுப்பினரான ஒரு நாடு, ஒருவருக்குக் காட்டும் சலுகையை எல்லா உறுப்பினருக்கும் காட்டியாக வேண்டும் என்பது பொதுவிதி. ஆனால் இரண்டு நாடுகளோ சில நாடுகளோ கூடி, தங்களுக்குள் நடக்கும் வாணிகத்தில் பெரும்பகுதிக்குத் தீர்வையை நீக்கிக்கொள்வதாயின், அதற்கு மட்டும் விலக்கு உண்டு. இந்த விலக்கைக் கொண்டு எழுந்தவையே தடையிலா வாணிக ஒப்பந்தங்கள். ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் பட்டியல்கள் இருக்கும்: தீர்வை உடனே நீங்கும் பண்டங்கள், ஆண்டுதோறும் படிப்படியாகக் குறையும் பண்டங்கள், சற்றே குறைத்து நிறுத்தப்படும் பண்டங்கள், ஒப்பந்தம் தொடவே கூடாத பண்டங்கள். ஒப்பந்தத்தின் முகவுரையில் நட்பும் நல்லுறவும் பேசப்படும். உழவனின் தலைவிதி பிற்சேர்க்கையான பட்டியலில் இருக்கும். மொழிபெயர்ப்போரும் முகவுரையைத்தான் விரும்பிச் செய்வர்; பட்டியல் முழுவதும் எண்கள்.

இவ்வொப்பந்தங்களுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் கோட்பாடு 1817இல் டேவிட் ரிக்கார்டோ என்னும் ஆங்கிலேயர் எழுதிய நூலிலிருந்து வருகிறது. இங்கிலாந்து துணி நெய்யட்டும், போர்த்துகல் திராட்சை மது வடிக்கட்டும். இருவரும் மாற்றிக்கொண்டால் இருவர்க்கும் இலாபம் என்பது அவர் காட்டிய உதாரணம். நாம் கலைப் பட்டதாரியேயன்றிப் பொருளாதாரம் முறையாகப் பயின்றோமல்லோம். ஆயினும் அந்தக் கோட்பாட்டில் பிழை காண்பது எளிதன்று. வெள்ளறடையில் நெல் விளைந்த ஏலாக்கள் குறைந்து, கோதையாற்றுப் பாசனத்திலும் அதற்கப்பாலும் விளைந்த அரிசி வந்ததும், மலைச்சரிவுகளில் ரப்பர் ஏறியதும் ரிக்கார்டோ சொன்ன வழியில் நடந்தவையே. ஆனால் அவர் கணக்கில் ஒன்று விடுபட்டிருக்கிறது. துணி நெய்பவன் நாளைக்கு மது வடிக்கப் போகலாம் என்று கணக்கு எளிதாகக் கூறிவிடும். ரப்பர் மரமோ நட்டு ஏழு ஆண்டுகள் கழித்தே பால் தரும். அதன்பின் இருபது ஆண்டுக்கு மேல் நிலத்தை விட்டு நகராது. விலை இறங்கிற்றென்று மரத்தை வேறு வேலைக்கு அனுப்ப முடியாது. மனிதரை அனுப்பலாம். அனுப்பினார்கள், நாம் இங்கே இருக்கிறோம்.

தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பாகிய ஆசியானும் இந்தியாவும் 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் பாங்காக்கில் சரக்கு வாணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2010ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. தாய்லாந்து, இந்தோனேசியா, வியட்நாம், மலேசியா ஆகிய அந்நாடுகளில் விளைவன எவை? ரப்பர், மிளகு, தென்னை, காப்பி, தேயிலை, எண்ணெய்ப் பனை. வெள்ளறடைத் தோட்டத்தின் பட்டியலை எழுதி, கடலுக்கு அப்பால் வைத்தது போலிருக்கிறது! ஆகவே கேரளத்தில் அச்சம் எழுந்ததில் வியப்பில்லை. 2009 அக்டோபர் 2ஆம் நாள் காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மக்கள் கைகோத்து நின்று எதிர்ப்புத் தெரிவித்தனர்.

பேச்சுவார்த்தை நடத்தியோர் இந்த அச்சத்தை அறியாதவரல்லர். 489 பண்டங்கள் சலுகைக்கு வெளியே வைக்கப்பட்டன. ரப்பர் அவற்றுள் ஒன்று. காப்பி, தேயிலை, மிளகு, பாமாயில் ஆகியவை சிறப்புப் பண்டங்கள் என்னும் தனிப் பட்டியலில் இடம்பெற்றன. அவற்றின் தீர்வை முழுவதும் நீங்காது, 2019 டிசம்பர் முடிவுக்குள் ஓரளவுக்கு மட்டும் குறையும்: மிளகுக்கு 70 சதவிகிதத்திலிருந்து 50, காப்பிக்கும் தேயிலைக்கும் 100இலிருந்து 45, கச்சாப் பாமாயிலுக்கு 80இலிருந்து 37.5; சுத்திகரித்த பாமாயிலுக்கு 90இலிருந்து 45.

ரப்பர் ஒப்பந்தத்திற்கு வெளியே இருக்கிறது. எனவே கவலையில்லை என்று அன்று பலர் எண்ணினர். எங்கள் வீட்டிலும் அவ்வாறே எண்ணினார்கள். 2011 ஏப்ரலில் ஒரு கிலோ ஷீட் சுமார் 240 ரூபாய் விற்றது. எம் தந்தையாரிடம் இருந்தது ஓர் ஏக்கருக்கும் குறைந்த நிலம். அதிலிருந்த மரங்கள் முதிர்ந்து பால் வற்றிப்போனவை. அந்த விலையைக் கண்டு, 2012 மழைக்காலத்தில் பழைய மரங்களை வெட்டிவிட்டுப் புதிய கன்றுகளை நட்டார். கையிலிருந்த பணத்தோடு நாம் அனுப்பிய பணமும் அதிற் சேர்ந்தது. விலை உச்சத்தில் இருக்கும்போது நடுவதே உழவர் வழக்கம். அதே ஆண்டுகளில் தாய்லாந்திலும் வியட்நாமிலும் கம்போடியாவிலும் நட்டவர் தொகை நமக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்போம் என்பது வேறு.

அதன்பின் சீனத்தில் தேவை தளர்ந்தது. முன்னரே அயல்நாடுகளில் நட்ட மரங்கள் பாலுக்கு வந்தன. 2014இல் கச்சா எண்ணெய் விலை சரியவே, எண்ணெயிலிருந்து செய்யும் செயற்கை ரப்பர் மலிவாயிற்று. 2016 தொடக்கத்தில் கேரளத்தில் ஷீட் விலை 100 ரூபாய்க்கும் கீழே போயிற்று. பட்டியலுக்கு வெளியே வைத்த பண்டத்துக்கு இந்த நிலை எப்படி வந்தது?

இங்கேதான் சற்றுப் பொறுமையாகக் கணக்குப் பார்க்க வேண்டும். நம் நாட்டுக்குத் தேவையான ரப்பர் முழுவதும் நம் நாட்டில் விளைவதில்லை. 2023-24ஆம் ஆண்டில் விளைந்தது சுமார் எட்டரை இலட்சம் டன். செலவானது 14 இலட்சம் டன்னுக்குச் சற்று மேல். பற்றாக்குறையை இறக்குமதி நிரப்புகிறது. பெருமளவில் வாங்குவோர் டயர் ஆலைகள். பாங்காக்கிலிருந்து தீர்வை கட்டிக் கொண்டுவரும் விலை எதுவோ, அதற்கு மேல் உள்நாட்டு ஷீட்டுக்கு நெடுநாள் கொடுக்க அவர்களுக்குத் தேவையில்லை. ஆகவே உலக விலையும் தீர்வையும் சேர்ந்த தொகையே வெள்ளறடையின் விலைக்கு மேற்கூரை. தீர்வை உயர்ந்தால் கூரை உயரும். உலக விலை சரிந்தால் கூரையும் சேர்ந்து சரியும். ஒப்பந்தம் ரப்பரைத் தொடாவிட்டாலும் விலை சுவரேறி வந்துவிடும்.

சரி, தீர்வையை உயர்த்தலாமே என்றால், அங்கும் ஒரு கட்டு உண்டு. உலக வாணிக அமைப்பில் உலர்ந்த ரப்பருக்கு இந்தியா ஒப்புக்கொண்ட உச்ச வரம்பு 25 சதவிகிதம். ரப்பர் நிலத்தில் விளைந்தாலும் அவ்வமைப்பின் வேளாண்மை உடன்படிக்கையில் அது வேளாண் விளைபொருளாகக் கொள்ளப்படவில்லை. தொழிற்சாலை மூலப்பொருளாகவே எண்ணப்படுகிறது. விளைவிப்பவன் விவசாயி, விளைந்தது விவசாயப் பொருளன்று! இந்த வகைப்பாட்டை வெள்ளறடையில் எவருக்கும் விளக்கிச் சொல்ல நம்மால் முடிந்ததில்லை. 2015இல் தீர்வை 20இலிருந்து 25 சதவிகிதமாக உயர்த்தப்பட்டது. ஆனால் விதியின் வாசகம் ‘25 சதவிகிதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது’ என்பதாகும். வெளிநாட்டு விலை 100 ரூபாயானால் தீர்வை 25 ரூபாய். விலை 120 ஆனால் 30 ரூபாய். விலை 160 ஆனால் 25 சதவிகிதக் கணக்குப்படி 40 ரூபாய் வரவேண்டும். ஆனால் 30க்கு மேல் ஏறாது. அதாவது நிழல் 18.75 சதவிகிதமாகக் குறுகுகிறது. ‘எது குறைவோ அது’ என்னும் மூன்று சொற்களை மொழிபெயர்க்க ஒரு நிமிடம் போதும்.

விலை வீழ்ந்த அந்நாளில் அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. 2016 ஜனவரியில் ரப்பர் இறக்குமதியைச் சென்னை, நவசேவா ஆகிய இரண்டு துறைமுகங்களுக்கு மட்டும் என்று ஒடுக்கியது. ஏற்றுமதிக்காகத் தீர்வையின்றி ரப்பர் கொண்டுவரும் உரிமத்தையும் அவ்வாண்டு மார்ச் வரை நிறுத்திவைத்தது. இவை வெள்ளத்திற்கு வரப்புக் கட்டிய கதைதான். எனினும் வரப்புக் கட்டாமலிருப்பதைவிட மேல்.

வேறொரு வாயிலும் திறந்திருந்தது. ரப்பரோடு கரியும் பிற வேதிப்பொருள்களும் சேர்த்துப் பிசைந்தால் அதற்குக் கலவை ரப்பர் என்று பெயர். சுங்க அட்டவணையில் அதற்கு எண் வேறு, தீர்வையும் வேறு. ஷீட்டாக வந்தால் 25 சதவிகிதம். கலவையாக வந்தால் நெடுங்காலம் 10 சதவிகிதம். 2023ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் கலவைக்கும் 25 சதவிகிதம் அல்லது 30 ரூபாய் என்று சமப்படுத்தினர். ஆயினும் இது பொதுத் தீர்வை. ஆசியான் நாடுகளிலிருந்து ஒப்பந்தச் சலுகையின்படி வரும் கலவைக்கு இந்த உயர்வு பொருந்தாது. முன்வாயிலைச் சாத்தினாலும் ஒப்பந்தம் திறந்த பக்கவாயில் திறந்தே இருக்கும். வரவுசெலவுத் திட்டத்தால் அதைச் சாத்த இயலாது. வளரும் நாடு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது விட்டுக்கொடுப்பது தீர்வை வருவாயை மட்டுமன்று. பின்னாளில் மனம் மாறும் உரிமையையும் விட்டுக்கொடுக்கிறது. 1865இல் திருவிதாங்கூர் இழந்ததும் இதுவே.

டயர் ஆலைகளின் குறையையும் கூறிவிடுவது நியாயம். மூலப்பொருளாகிய ரப்பருக்கு 25 சதவிகிதம். முடிந்த பொருளாகிய டயரோ ஆசியான் நாடுகளிலிருந்து அதனினும் குறைந்த சலுகைத் தீர்வையில் வரலாம். நூலுக்கு வரி, துணிக்கு வரி இல்லை என்றால் தறி எப்படி ஓடும் என்று அவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் கேட்கும் மருந்து ரப்பருக்கும் தீர்வையை இறக்கவேண்டும் என்பது. அதை நாம் ஏற்க இயலாதெனினும், நோய் உண்மையானது.

இனி அடுக்களைக்கு வருவோம். தில்லியிலும் மும்பையிலும் வாழும் நம் வீடுகளில் அப்பளம் பொரிப்பது எதில்? கடையில் வாங்கும் பலகாரம் எதில் பொரிந்தது? பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்த பாமாயிலில்தான். நம் நாட்டின் சமையலெண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதியால் நிறைகிறது. அதில் முதலிடம் பாமாயிலுக்கு. ஊரிலிருந்து தேங்காயெண்ணெய் கொண்டுவரும் பழக்கம் நமக்குண்டு. ஆனால் மாத நடுவில் அது தீர்ந்தபின் நாமும் மலிவான எண்ணெயைத்தான் வாங்குகிறோம். ஏழைக் குடும்பத்திற்கு அந்த மலிவு சிறு நன்மையன்று. அதே மலிவு தென்னையுடையவனின் கொப்பரை விலையை அழுத்துகிறது. நேயர்களே, ஊரில் தென்னந்தோப்பும் நகரத்தில் அடுக்களையும் உடையவர் ஒரே நாளில் இரண்டு பக்கமும் நிற்கிறார்.

இதில் எல்லாப் பழியையும் ஒப்பந்தத்தின் மேல் ஏற்றுவது தகாது. கச்சாப் பாமாயிலுக்கு ஒப்பந்தம் விதித்த உச்சவரம்பு 37.5 சதவிகிதம். விலைவாசி ஏறியபோது, 2021 அக்டோபரில், நம் அரசாங்கமே அடிப்படைத் தீர்வையை முழுவதும் நீக்கிற்று. 2024 செப்டம்பரில் 20 சதவிகிதமாக ஏற்றிற்று. 2025 மே மாதத்தில் 10ஆக இறக்கிற்று. இவை எவையும் பாங்காக்கில் முடிவானவையல்ல. நகரத்து நுகர்வோரின் குரல் தோப்புக்காரரின் குரலைவிட உரக்கக் கேட்டதன் விளைவு.

மிளகின் கதை இன்னும் சுவையானது. இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பர் 28இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆண்டுக்கு 2,500 டன் இலங்கை மிளகு தீர்வையின்றி வரலாம். அதற்கு மேற்பட்டது தெற்காசியத் தடையிலா வாணிக உடன்பாட்டின் கீழ் 8 சதவிகிதத்தில் வரும். வியட்நாமிலிருந்து நேரே வருவதற்கோ 2017இல் 50 சதவிகிதத்துக்கும் மேல் இருந்தது. இவ்வளவு வேறுபாடு இருந்தால் பண்டம் எந்த வழியைத் தேடும்? வியட்நாம் மிளகு கொழும்பைச் சுற்றி, இலங்கைப் பெயரைப் பூண்டு வருகிறதென்று மிளகு பயிரிடுவோர் முறையிட்டனர். 2017 டிசம்பரில், கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் மிளகு இறக்குமதி செய்தல் கூடாது என்று மத்திய அரசு ஆணையிட்டது.

இத்தகைய சுற்றுவழியைத் தடுக்கவே ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் ‘தோற்றுவாய் விதி’ எழுதப்படுகிறது. ஒரு பண்டம் எந்த நாட்டிற் பிறந்தது என்று எப்படி அறிவது? ஆசியான் ஒப்பந்தத்தில் பொதுவிதி, மதிப்பில் குறைந்தது 35 சதவிகிதம் அங்கே சேர்ந்திருக்கவேண்டும். அட்டவணையில் அதன் உள்தலைப்பும் மாறியிருக்கவேண்டும் என்பது. சான்றிதழைக் காட்டினால் போதும் என்றிருந்த நிலையை மாற்றி, 2020 செப்டம்பர் முதல் இறக்குமதி செய்பவரே பண்டத்தின் பிறப்பு விவரத்தைத் தம் கையில் வைத்திருக்கவேண்டும் என்று நம் அரசாங்கம் விதி செய்தது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு நடையாய் நடந்தவருக்கு, மிளகிற்கும் அது வேண்டியிருப்பது வேடிக்கையாகத் தோன்றலாம்.

ஆனால் கொழும்பின் பக்கம் நின்றும் ஒரு நொடி பார்க்கவேண்டும். தாய்லாந்தை எண்ணி அஞ்சும் நாம், இலங்கைக்கு அஞ்சத்தக்க பெரிய அண்டைவீட்டுக்காரர். அவ்வொப்பந்தத்தில் இந்தியா மூன்று ஆண்டில் தீர்வையை நீக்கவும், இலங்கைக்கு எட்டு ஆண்டு அவகாசம் தரவும் இணங்கிற்று. இலங்கை 1,180 பண்டங்களைச் சலுகைக்கு வெளியே வைத்துக்கொள்ள, இந்தியா 429ஐ மட்டுமே வைத்துக்கொண்டது. சிறியவனுக்குச் சலுகை கூடுதல் என்ற இந்த நெறி நல்ல நெறி. இருந்தும் நடந்தது என்ன? பாமாயிலுக்கு இலங்கையில் தீர்வை குறைவாயிருந்ததைக் கண்டு, அங்கே வனஸ்பதி ஆலைகள் எழுந்தன; அவற்றின் சரக்கு தீர்வையின்றி இந்தியாவுக்குள் புகுந்தது. இங்குள்ள ஆலைகள் கூக்குரலிடவே அளவு வரம்பு விதிக்கப்பட்டது. அங்கெழுந்த ஆலைகள் நிலைக்கவில்லை. தீர்வை வேறுபாட்டை நம்பி எழும் தொழில் அந்த வேறுபாடு மறையும் நாளில் தானும் மறையும்.

நன்மை கண்ட இடமும் உண்டு. பின்னலாடை தைக்கும் திருப்பூருக்கு வங்கதேசம் போட்டி. பின்தங்கிய நாடென்ற முறையில் வங்கதேசத்து ஆடை பிரிட்டனுக்குள் தீர்வையின்றிச் செல்ல, திருப்பூர் ஆடை 12 சதவிகிதம் வரை தீர்வை கட்டவேண்டியிருந்தது. 2025 ஜூலை 24இல் இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஆடைகளுக்கு அத்தீர்வையை நீக்க வகைசெய்கிறது. திருப்பூரில் தையற்பொறி முன் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு இது கூலியாகவும் வேலைநாளாகவும் வந்துசேரக்கூடிய செய்தி. அங்கே முதலீடு பொறியாகவும் துணியாகவும் இருக்கிறது, மரமாக இல்லை.

நாடு முழுமைக்கும் பார்த்தால் கணக்குக் கவலை தருவது. ஆசியானுடன் வாணிகத்தில் நம் பற்றாக்குறை 2010-11இல் சுமார் 5 பில்லியன் டாலராக இருந்தது. 2022-23இல் அது 43 பில்லியனைத் தாண்டிற்று. 1991-92இல் 150 சதவிகிதமாக இருந்த நம் உச்சச் சுங்கத் தீர்வை வேளாண்மையல்லாத பண்டங்களுக்கு 2007-08க்குள் 10ஆக இறங்கியிருந்தது. ஆகவே அதன்பின் வந்த ஒப்பந்தங்களில் நாம் விட்டுக்கொடுக்க எஞ்சியிருந்தது குறைவு, பெற்றதோ அதனினும் குறைவு என்பது நம் கருத்து. சீனமும் நியூசிலாந்தும் சேர்ந்த பெரும் வட்டார ஒப்பந்தத்தில் சேராமல் 2019 நவம்பர் 4ஆம் நாள், அதே பாங்காக்கில், இந்தியா விலகிக்கொண்டதற்கு இந்த அனுபவமே பெரும் காரணம். ஆசியான் ஒப்பந்தத்தை மறு ஆய்வு செய்வதென்று 2023இல் இருதரப்பும் இணங்கின.

எம் தந்தையார் நட்ட கன்றுகள் 2019இல் பால்வெட்டுக்கு வந்தன. விலை 130 ரூபாயைச் சுற்றியே நின்றது. கேரள அரசு 2015 முதல் ஊக்கத்தொகைத் திட்டம் ஒன்று நடத்திவந்தது: கிலோவுக்கு 150 ரூபாய் என்று ஆதாரவிலை வைத்து, சந்தைவிலை குறைந்தால் வேறுபாட்டைக் கொடுத்தது. 2021இல் ஆதாரவிலை 170, 2024இல் 180 என ஏறிற்று. அந்த 20 ரூபாயால் எங்கள் வீட்டில் பால்வெட்டு நிற்கவில்லை. எம் தமக்கையார் வாழ்க்கைப்பட்ட வீடு பனச்சமூட்டிற்கு அப்பால், விளவங்கோடு வட்டத்தில். அங்கும் அதே மரம், அதே மழை, அதே வியாபாரி. ஆனால் கேரளத்தின் திட்டம் கேரளத்து நிலத்துக்கே உரியது. 1956இல் வரைந்த எல்லை பண்டத்தை நிறுத்தாவிட்டாலும் பணத்தை நிறுத்திற்று. அவர்கள் வீட்டில் பால்வெட்டை விட்டுவிட்டு மருமகப்பிள்ளை வளைகுடாவுக்குப் போனார்.

2024 ஆகஸ்டில் ஷீட் விலை மீண்டும் 240 ரூபாயைத் தாண்டியது. தமக்கையார் வீட்டு மரங்களில் சிரட்டை மாட்டும் கம்பிகள் துருப்பிடித்திருந்தன. பால்வெட்ட ஆள் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் மழைக்காப்புக் கட்டாததால், மழை நின்ற நாள்களில் மட்டுமே வெட்ட முடிந்தது. வந்த ஷீட்டுகளை அன்றன்றே விற்றார்கள்.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது தந்தையார் ஒன்று கேட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ரப்பரை வெட்டிவிட்டு மரச்சீனியும் வாழையும் வைக்கப்போகிறாராம். நாமும் மேல்வரிசை மரங்களைக் கொடுத்துவிடலாமா, அல்லது இந்த ஆண்டாவது பணம் செலவிட்டு மழைக்காப்புக் கட்டலாமா என்று. “ஒப்பந்தத்தை மாற்றி எழுதுகிறார்கள் என்று சொன்னாயே, அதில் ரப்பருக்கு என்ன எழுதியிருக்கிறது?” என்றார். அந்தத் தாள் இன்னும் நம் மேசைக்கு வரவில்லை என்று சொன்னோம். மழைக்காப்புக்கு ஒரு மரத்திற்கு என்ன செலவாகும் என்று விசாரிக்கப் பிற்பகலில் இருவரும் சந்தைக்கு நடந்தோம்.